காந்தத்தை ஏமாற்றிய கத்தி

டெலிபோன் அலறியது.

இசோபே சியாகி அப்போதுதான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்தாள். சோறு, உப்பிட்ட மீன் ஒரு துண்டு, முள்ளங்கி ஊறுகாய். குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு ரிசீவரை எடுத்தாள்.

"சுங்க இலாகா... ஆய்வுப் பிரிவு. இசோபே பேசறேன்."

"துறைமுகப் போலீஸ் மேடம். இன்ஸ்பெக்டர் குரெபாயாஷி. சாப்பிட்டாச்சா?"

"இப்பத்தான் உக்காந்தேன்..."

"மூடி வெச்சிடுங்க. இங்க ஒருத்தர் வயித்துல ஒரு கத்தி இறங்கியிருக்கு. பக்கத்துல கிடக்கிற உறையில உங்க ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு!"

இசோபே டப்பாவை மூடினாள்.

"என்ன ஸ்டிக்கர்?"

"நாகிசாக்கி துறைமுகம், சோதித்து அனுமதிக்கப்பட்டது. கீழே உங்க பேர். கையெழுத்து நல்லா குண்டு குண்டா அழகா இருக்கு. கிளம்பி வர்றீங்களா... நான் வந்து கூட்டிட்டு வரணுமா?"

போன் வைக்கப்பட்டது.

மீனை வேறு எவனாவது தின்னட்டும் என்று இசோபே எழுந்தாள். மேஜை இழுப்பறையைத் திறந்து, கத்திகளைச் சோதிக்கும் அந்தச் சின்னக் காந்தத்தை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

*

படகுத் துறைக்குப் பின்னால் ஒரு பழைய சரக்குக் கிடங்கு. அதைத்தான் நிஷிகோரி வாள்வீச்சுக் குழு நாடகக் கொட்டகையாக மாற்றியிருந்தது. கப்பலில் வந்திறங்கும் சுற்றுலாக்காரர்களுக்குத் தினமும் இரண்டு காட்சிகள். வாள் சண்டை, ஒரு காதல், கடைசியில் வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாகும் வீரன்.

அந்த வீரன் இன்று நிஜமாகவே செத்துக் கிடந்தான்.

பெயர் உசாமி தெப்பெய். குழுவின் முதல் நடிகன். மேடை நடுவில் வெள்ளை உடையோடு முன்னால் சரிந்து கிடந்தான். உடையில் பாதிதான் வெள்ளையாக இருந்தது.

"பார்த்தீங்களா மேடம்! பார்த்தீங்களா! என் உசாமியைப் பார்த்தீங்களா!"

ஓடி வந்தவர் குழுவின் முதலாளி நிஷிகோரி. அறுபதைத் தாண்டியவர். வழுக்கைத் தலை, பட்டுக் கழுத்துப்பட்டி, ஒரு நிமிடம் ஓயாத வாய்.

"காலையில வந்து எங்கிட்டதான் டீ வாங்கிக் குடிச்சான்! 'தலைவரே, ஒத்திகை பார்த்துக்கறேன்'ன்னான். தினமும் பார்க்கறதுதான். கத்தியை வயித்துல வெச்சு அமுக்குவான்... முனை மழுங்கின பொம்மைக் கத்தி, ஒண்ணும் ஆகாது. அப்படியே சாய்வான். பொம்பளைங்கள்லாம் அழுவாங்க. வெள்ளைக்காரிங்ககூட அழுவாங்க மேடம்! இன்னைக்கும் அமுக்கியிருக்கான். ஆனா பொம்மை இல்லியே! நிஜக் கத்தியை இல்ல உள்ள விட்டிருக்கீங்க!"

"நான் விடலை," என்றாள் இசோபே.

"அப்ப யார் விட்டாங்க? கடல் அலை கொண்டுவந்து போட்டுதா? சீனாவிலேர்ந்து பன்னெண்டு கத்தி வரவழைச்சேன். பெட்டியைப் பிரிச்சது நீங்க, பார்த்தது நீங்க, ஸ்டிக்கர் ஒட்டினது நீங்க! எனக்குக் கத்தியைப் பத்தி என்னம்மா தெரியும்? எங்கப்பா தோஃபு வித்தவரு. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் போஸ்டரும் டிக்கெட்டும்தான். இதோ பாருங்க..."

சுவரோரத் தாங்கியிலிருந்து ஒரு வாளைச் சரக்கென்று உருவினார். அதைக் குச்சி மாதிரி ஆட்டிக்கொண்டே பேசினார்.

"இதுவும் கத்தி, அதுவும் கத்தி! எனக்கு எல்லாம் ஒரே தகரம்! இதுல எது கொல்லும், எது கொல்லாதுன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? அதைச் சொல்லத்தானே கவர்மெண்ட் உங்களுக்குச் சம்பளம் குடுக்குது!"

எச்சில் தெறித்தது. வாளின் மேலும், இசோபேயின் கோட்டின் மேலும்.

"சார், அதை வெச்சிட்டு இங்க வாங்க." மேடையிலிருந்து ஒரு கரகரத்த குரல்.

இன்ஸ்பெக்டர் குரெபாயாஷி. பீப்பாய் உடம்பு, சின்னக் கண்கள். ஜூடோவில் நசுங்கிய காதுகள். கையுறை போட்ட கைகளில் ஒரு நீளமான துணிப் பொட்டலத்தை வைத்திருந்தார்.

துணியைப் பிரித்தார்.

உசாமியின் வயிற்றிலிருந்து எடுத்துத் துடைத்த வாள்!

நிஷிகோரி கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். கண்கள் கலங்கியிருந்தன.

"வாந்தி வந்தா வெளியில போயிடுங்க சார். என் ஷூ புதுசு," என்ற குரெபாயாஷி, இசோபேயின் பக்கம் திரும்பினார். "மேடம், காந்தம் கொண்டு வந்திருப்பீங்களே."

இசோபே காந்தத்தை வாளருகே கொண்டு போனாள். ஒட்டக் கூடாது. கடவுளே, ஒட்டக் கூடாது...

டக்!

ஒட்டிக்கொண்டது.

குரெபாயாஷி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் துளி இரக்கம் இல்லை.

*

"எல்லாத்தையும் சோதிச்சீங்களா?"

இதைக் கேட்டது அவள் மேலதிகாரி டோகாஷி. மறுநாள் காலை. கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். அவர் கதவைச் சாத்தினாலே சங்கதி கெட்டது என்று அர்த்தம்.

"எல்லாத்தையும் உருவி, ஒவ்வொண்ணா காந்தம் வெச்சுப் பார்த்தேன் சார். எல்லாம் துத்தநாகக் கலவை. ஒண்ணுகூட ஒட்டலை."

"சட்டம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. கலவைன்னா பொம்மை, உள்ள வரலாம். இரும்புன்னா கூர் இருந்தாலும் இல்லைன்னாலும் வரக்கூடாது. இதுல ஒரு இரும்பு வந்திருக்கு. அதுல ஒரு ஆள் செத்திருக்கான். பேப்பர்காரன் வாசல்ல நிக்கறான்."

"வரலை சார். நான் விட்டிருந்தாத்தானே வரும்?"

"உறையில உங்க ஸ்டிக்கர் இருக்கே?"

"உறையிலதானே இருக்கு. கத்தியில இல்லியே!"

"இந்தப் பேச்சை ஜட்ஜ்கிட்ட பேசுங்க." டோகாஷி கையை நீட்டினார். "உங்க முத்திரையைக் குடுங்க. விசாரணை முடியற வரைக்கும் நீங்க எதுலயும் முத்திரை வைக்க வேணாம்."

இருபது வருஷம் அவள் சட்டைப்பையில் இருந்த முத்திரை அது. குழந்தையைப் பிடுங்கிக் கொடுத்தது மாதிரி இருந்தது அவளுக்கு. கொடுத்தாள்.

"அஜாக்கிரதையால் மரணம்... அதான் போடப் போறாங்களாம்," என்றார் டோகாஷி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. "ஜெயில் வரைக்கும் போகலாம். ஒரு பெட்டி பட்சணம் வாங்கிட்டு நிஷிகோரியைப் பார்த்து மன்னிப்பு கேளுங்க. அவர் மனசு வெச்சா கொஞ்சம் குறையும்."

"தப்பு பண்ணாம மன்னிப்பா?"

"தப்பு பண்ணாதவங்கதான் இங்க அதிகமா மன்னிப்பு கேக்கறாங்க. போங்க."

வெளியே வந்தாள். நேற்று வரை அவளோடு சேர்ந்து சாப்பிட்டவர்கள் எல்லோருக்கும் இன்று திடீரென்று வேலை வந்துவிட்டது. யாரும் நிமிரவில்லை. டீ மெஷின் பக்கம் அவள் போனால் அங்கிருந்தவர்கள் கலைந்தார்கள்.

அதைவிட மோசமான ஒன்று அவள் மண்டைக்குள் நடந்துகொண்டிருந்தது.

எல்லாவற்றையும் பார்த்தேனா?

அன்றைக்கு ஒரே கப்பலில் பூண்டு மூட்டையும் பொம்மைக் கார்களும் வந்திருந்தன. மழை வேறு. உருவினேன், வைத்தேன், ஒட்டினேன்... கடைசி வாளையும் உருவினேனா? உருவியதாகத்தான் ஞாபகம். ஆனால் ஞாபகம் என்ன சாட்சியா? உலகமே சந்தேகப்படும்போது மனுஷி தன்னையே சந்தேகப்பட எவ்வளவு நேரம் ஆகும்?

"என்ன மேடம், செத்தவனைவிட நீங்க வெளுத்துப் போயிருக்கீங்க?"

திடுக்கிட்டுத் திரும்பினாள். குரெபாயாஷி! டீ மெஷினில் சாய்ந்து ஒரு சோற்று உருண்டையைக் கடித்துக்கொண்டிருந்தார். அவர் எப்போது வந்தார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"என்னைக் கைது பண்ணவா வந்தீங்க?"

"இப்ப இல்ல. சாப்பிட்டுக்கிட்டே கைது பண்ணா அசிங்கம்." ஒரு கடி. "ஒண்ணு கேக்கணும். நிஷிகோரி உங்களுக்கு எத்தனை வருஷப் பழக்கம்?"

"பழக்கமே இல்ல!"

"பெட்டியை நீங்களே கேட்டு வாங்கிப் பிரிச்சீங்களாமே. வேற ஆள் கையில போகக் கூடாதுன்னா?"

"கத்தி, துப்பாக்கின்னா என் மேஜைக்குத்தான் வரும். அது என் பிரிவு சார்! நான் அந்த ஆளுக்கு இரும்பை உள்ள விட்டேன்னு சொல்றீங்களா?"

"நான் எதுவும் சொல்லலை. எல்லாரையும் சந்தேகப்படறேன். காலையில என் பொண்டாட்டி குடுத்த சூப்பையே மோந்து பார்த்துட்டுத்தான் குடிச்சேன்."

"கத்தியோட அடிப்பாகம் பார்த்தீங்களா? பிடிக்குள்ள இருக்கிற பாகம். செஞ்சவன் பேரு, நம்பர் அங்கதான் இருக்கும்."

"பார்த்தோம். அரம் வெச்சு ராவி, ஆசிட் போட்டுத் தேய்ச்சிருக்கு. வெளிநாட்டுக்காரன் வேலைன்னு நிஷிகோரி சொல்றாரு."

"கத்தியைப் பத்தி ஒண்ணுமே தெரியாதுன்னாரே... இது மட்டும் எப்படித் தெரியும்?"

குரெபாயாஷி மெல்லுவதை நிறுத்தினார். "அவர் எதைப் பத்திதான் சொல்லலை? நேத்து பொணத்துக்கு மேல நின்னுக்கிட்டு அரைமணி நேரம் பேசினாரு. டாக்டர் வந்தப்பவும் பேசினாரு. ரத்தத்தை மிதிச்சுக்கிட்டே டிக்கெட் விலை சொன்னாரு! அந்த வாய்க்கு ஓய்வே கிடையாது."

இசோபே அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒரே ஒரு தடவை ஓய்வு குடுத்தாரு சார்."

"எப்ப?"

"நீங்க துணியைப் பிரிச்சப்ப. கைக்குட்டையால வாயைப் பொத்திக்கிட்டாரு."

"குமட்டியிருக்கும். ரத்தம்..."

"பொணத்தைப் பார்த்துக் குமட்டலை. ரத்தத்தை மிதிச்சப்ப குமட்டலை. தொடைச்ச கத்தியைப் பார்த்தா குமட்டும்?" இசோபேயின் குரல் வேகமெடுத்தது. "சார், நீங்க நிஜக் கத்தி வெச்சிருக்கிறவங்க வீட்டுக்குப் போயிருக்கீங்களா?"

"நான் ஜூடோ. எனக்கு ஆளைத் தூக்கிப் போடத்தான் தெரியும்."

"என் மேஜைக்கு வருவாங்க சார். வெளிநாட்டுல கிடந்த பரம்பரைக் கத்தியை ஊருக்குக் கொண்டு வர்றவங்க. போலீஸை வெச்சுக்கிட்டுத்தான் பிரிப்போம். உறையிலேர்ந்து கத்தி வெளியில வந்திடுச்சுன்னா அந்த ஆளுங்க வாயே திறக்க மாட்டாங்க. கேள்வி கேட்டா தலையை மட்டும் ஆட்டுவாங்க. சில பேர் ஒரு காகிதத்தை மடிச்சு உதட்டுல கவ்விக்குவாங்க. ஏன் தெரியுமா? எச்சில், மூச்சு... பட்டா இரும்பு துருப்பிடிக்கும். மரியாதையும் இல்ல. சின்ன வயசுலேயே அடிச்சுப் பழக்கின பழக்கம் அது."

"சரி... கத்தியைப் பார்த்தா வாயை மூடறாரு. அதுல என்ன?"

"எல்லாக் கத்திக்கும் மூடலியே! தாங்கியிலேர்ந்து ஒண்ணை உருவி என் மேல எச்சில் தெறிக்கத் தெறிக்கப் பேசினாரு. அது பொம்மை. நீங்க காட்டினது இரும்பு. நான் காந்தம் வெக்கறதுக்கு முன்னாடியே அவர் வாய்க்குத் தெரிஞ்சிருக்கு!"

குரெபாயாஷி மிச்சச் சோற்று உருண்டையை அப்படியே வாயில் போட்டு விழுங்கினார்.

"மேடம், இதை வெச்சு ஒரு எலியைக்கூடப் பிடிக்க முடியாது. 'எனக்குக் குமட்டிச்சு'ம்பாரு, போயிடுவாரு."

"அப்ப ஒரு தடவை கூப்பிடுங்க. நான் மன்னிப்பு கேக்கணும்னு சொல்லுங்க. அந்தக் கத்தியையும் ஒரு பொம்மையையும் மேஜையில வைங்க. பிடி தெரியாம ரெண்டையும் ஒரே மாதிரி பிளாஸ்டிக் சுத்தி வைங்க."

"தப்பாப் போச்சுன்னா?"

"எப்படியும் ஜெயில்தானே? ஒரு நாள் முன்னாடி போயிட்டுப் போறேன்."

குரெபாயாஷி காதைச் சொறிந்தார். அந்தச் சின்னக் கண்களில் முதல் தடவையாக ஒரு சிரிப்பு மின்னியது. உடனே அணைந்துவிட்டது.

"உங்களையும் நான் இன்னும் சந்தேகப்படறேன். மறந்துடாதீங்க."

*

போலீஸ் ஸ்டேஷனின் பின்னறை. மதியம் மூன்று மணி. ஒரு மேஜை, நான்கு நாற்காலி. மேஜை மேல் இரண்டு நீளமான துணிப் பொட்டலங்கள்.

இசோபே கறுப்பு உடையில் வந்திருந்தாள். கையில் பட்சணப் பெட்டி. நிஷிகோரி உள்ளே நுழைந்ததும் இடுப்பு வரை குனிந்தாள். குனிந்தபடியே நின்றாள்.

"என் அஜாக்கிரதையால உங்க குழுவுக்குப் பெரிய இழப்பு. மன்னிக்கணும்."

பொய். ஒவ்வொரு வார்த்தையும்.

நிஷிகோரியின் முகம் மலர்ந்தது!

"அடடா... நிமிருங்க மேடம், நிமிருங்க! மனுஷன்னா தப்பு பண்றதுதான். என்ன பட்சணம்? சிவப்புப் பயறு அல்வாவா? நல்ல கடை. போற உசுரு போயிடுச்சு. உங்களை ஜெயில்ல போட்டா உசாமி எழுந்தா வரப்போறான்? நான் பேப்பர்லயே சொல்லிடறேன், பாவம் அந்தம்மா, வேலை ஜாஸ்தி, கவனிக்கலைன்னு. இரக்கம்னு ஒண்ணு வேணுமில்ல! இன்ஸ்பெக்டர், டீ கிடைக்குமா?"

"கிடைக்கும். முதல்ல ஒரு சின்ன வேலை," என்றார் குரெபாயாஷி. "கொட்டகையிலேர்ந்து எடுத்ததைத் திரும்பக் குடுக்கணும். உங்களுதுதானான்னு பார்த்துச் சொல்லிடுங்க."

முதல் பொட்டலத்தைப் பிரித்தார். பிடி முழுக்கப் பிளாஸ்டிக் சுற்றிய வாள். மெல்லிய அலகு பளபளத்தது.

"என்னுதுதான்! என்னுதுதான்! இந்தச் சனியன்களுக்கு நான் கப்பல் கூலி எவ்வளவு குடுத்தேன் தெரியுமா? இதை வெச்சுத் தர்பூசணி வெட்டினாக்கூட வளையும். உசாமி சொல்வான், 'தலைவரே, இதைவிட என் பாட்டியோட கரண்டி கூர்'ன்னு! ஹஹ்ஹா... பாவம், நல்ல பையன்."

வாள் மேலேயே குனிந்து பேசினார். அலகில் மூச்சுப்பட்டுப் பட்டு மங்கியது. அவர் கவலைப்படவில்லை.

குரெபாயாஷி அதை மூடினார். இரண்டாவதைப் பிரித்தார். அதே பிளாஸ்டிக், அதே நீளம்.

"இது?"

நிஷிகோரி பேசவில்லை!

தலை மட்டும் மெல்ல ஆடியது. உதடுகள் இறுக ஒட்டியிருந்தன. உடம்பு அவருக்குத் தெரியாமலே அரை அடி பின்னால் நகர்ந்தது. பார்வை வாளில் ஒரு நொடி பட்டு, உடனே தாழ்ந்து மேஜை விளிம்பில் நின்றது.

இசோபேக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"சார்... உங்களுதுதானா?" என்றாள்.

தலையாட்டல்.

"வாயைத் திறந்து சொல்லுங்களேன். பேசுங்க. இவ்வளவு நேரம் பேசினீங்களே?"

நிஷிகோரி கையால் வாயை மறைத்துக்கொண்டு முகத்தைப் பக்கவாட்டில் திருப்பினார். சுவரைப் பார்த்து, "குமட்டுது... உசாமி ஞாபகம்... மூடிடுங்க," என்றார்.

"ரெண்டுல எது உசாமியைக் கொன்னதுன்னு நாங்க சொல்லவே இல்லியே?"

இசோபே ஒரு அடி முன்னால் வந்தாள்.

"எல்லாம் ஒரே தகரம்னீங்க. ஒரு தகரத்துக்கு மேல எச்சில் தெறிக்கப் பேசறீங்க. இன்னொரு தகரத்துக்கு மூச்சை அடக்கறீங்க. தோஃபுக் கடையில இதெல்லாம் யார் சார் சொல்லிக் குடுத்தாங்க?"

"பெண்ணே, நீ..."

சொல்லிவிட்டு வாயைப் பொத்தினார். நெற்றியில் வேர்வை பூத்திருந்தது. ஆனால் ஆள் இன்னும் விழவில்லை. இன்னும் ஒரு அடி வேண்டும். அந்த ஒரு அடி என்னவென்று இசோபேக்கும் தெரியவில்லை. திட்டம் இதுவரைதான் போட்டிருந்தார்கள்!

அவள் குனிந்தாள். அலகுக்கு ஒரு சாண் மேலே முகத்தைக் கொண்டு போனாள்.

"ஆமா, இது என்ன பெரிய புனிதமா? ஒரு நல்ல மனுஷன் வயித்தைக் கிழிச்ச இரும்பு. இதுக்கு என்ன மரியாதை வேண்டிக் கிடக்கு?"

"தூ!"

துப்பினாள். அலகின் நடுவில். நுரையோடு.

குரெபாயாஷியின் முகம் காகிதமாய் வெளுத்தது. "மே... மேடம்!"

நிஷிகோரி நாற்காலியோடு பாய்ந்தார்!

"அடிப்பாவி! துடைடி! துடைச்சுத் தொலைடி! துருப்பிடிச்சிடும்! எங்கப்பா கத்திடி அது!"

பட்டுக் கழுத்துப்பட்டியை உருவி மேஜைக்கு மேல் எட்டினார். குரெபாயாஷி அவர் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கி நாற்காலியில் அழுத்தினார். ஜூடோ சும்மா இல்லை.

"யார் கத்தி?" என்றார் மெதுவாக.

நிஷிகோரி மூச்சு வாங்கினார். சொல்லிவிட்டது புரிந்தது. முகம் அப்படியே தளர்ந்து போனது.

"எங்கப்பா... ராணுவத்துல இருந்தாரு. தோஃபு பொய். வருஷப் பிறப்பு காலையில கத்தியை உருவி எண்ணெய் போடுவாரு. நாங்க சுத்தி உக்காந்திருக்கணும். வாயைத் திறந்தா அறை விழும். நான் அப்பவே வாயாடி... என்னைத்தான் அதிகம் அறைஞ்சாரு. அவர் எங்கிட்ட விட்டுட்டுப் போனது அது ஒண்ணுதான் சார்."

"பதிவு பண்ணியிருக்கலாமே?" என்றாள் இசோபே.

"உனக்குத் தெரியாதா? போர்க் காலத்துல மெஷின்ல அடிச்ச கத்தி. கையால அடிச்ச கத்திக்குத்தான் பதிவு. இதைக் கொண்டு போய்க் குடுத்தா துண்டு துண்டா வெட்டிக் குப்பையில போடுவீங்க! அதான் பொம்மைங்களோட பொம்மையா ஒளிச்சு வெச்சேன். உசாமி கண்டுபிடிச்சுட்டான். மிரட்டலை... காசு கேக்கலை. 'தலைவரே, நாளைக்கு நானும் கூட வர்றேன், சேர்ந்து போலீஸ்ல குடுத்துடலாம்'ன்னான். நல்லவன் சார். நல்லவனை எப்படிச் சமாளிக்கறது சொல்லுங்க?"

"அதனால?"

"எப்படியும் சாகப்போற கத்தி... புது பொம்மை ஒண்ணோட அலகைக் கழட்டிக் கடல்ல போட்டேன். அந்தப் பிடியில, அந்த உறையில இதை மாட்டினேன். ஒத்திகைக்கு உக்காந்தவன் கையில குடுத்தேன். கனக்குதேன்னு அவன் நிமிர்றதுக்குள்ள... பின்னாலேர்ந்து அவன் கையைச் சேர்த்துப் பிடிச்சு அமுக்கிட்டேன்." குரல் உடைந்தது. "பழி வெளிநாட்டுக்குப் போகும். இல்லைன்னா இந்தம்மாவுக்குப் போகும். இந்தம்மா யாரு எனக்கு?"

இசோபே சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

கடைசி வாளையும் பார்த்திருக்கிறேன்! பார்த்துத்தான் அனுப்பியிருக்கிறேன்! இரண்டு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாறை உருண்டு விழுந்தது. அழுகை முட்டியது. ஒரு கொலைகாரன் முன்னால் அழக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"ஒரு தடவை... துடைச்சுக்கவா?" நிஷிகோரி கெஞ்சினார். "கடைசியா. எச்சிலோட விட வேணாம்."

குரெபாயாஷி ஒரு பெருமூச்சு விட்டார்.

"துடைங்க. ஆனா நல்லாப் பார்த்துட்டுத் துடைங்க."

நிஷிகோரி கண்ணீரைத் துடைத்துக்கொண்டு குனிந்தார். முதல் தடவையாக அந்த அலகை நேராகப் பார்த்தார். கூர் ஓரமாக ஓடும் வெண்ணிற அலை வரிகளைப் பார்த்தார். வாய் பிளந்தது. இந்தத் தடவை மூட மறந்துவிட்டார்.

"இது... இது கையால அடிச்சது... எங்கப்பா கத்தி இல்ல!"

"இல்லை," என்றார் குரெபாயாஷி. "உங்கப்பா கத்தி தலைநகர் லேபுல பத்திரமா இருக்கு. தர மாட்டேன்னுட்டாங்க."

இசோபேக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்ன சார் சொல்றீங்க? கொலை செஞ்ச கத்தியை நீங்க கொண்டு வர்றதா..."

"கொண்டு வர்றேன்னு நான் எங்க சொன்னேன்? இரும்பு ஒண்ணு வேணும், கொண்டாந்தேன். இவர் பிளாஸ்டிக்கைப் பார்த்துட்டு அப்பா கத்தின்னு நினைச்சா நான் என்ன பண்றது?"

ஒரு போலீஸ்காரர் வந்து நிஷிகோரியைக் கூட்டிப்போனார். வாசலைத் தாண்டியதும் அந்த வாய் மறுபடி ஆரம்பித்துவிட்டது. ஏமாற்று வேலை, வக்கீல், பேப்பர்... நடைவழி முழுக்கக் கேட்டது.

இசோபே மேஜையைப் பார்த்தாள். அலகின் நடுவில் அவள் எச்சில் மெல்ல வழிந்துகொண்டிருந்தது.

"அப்ப... இது யாரோடது?"

"எங்க சூப்பரிண்டெண்ட் ஐயாவோட பரம்பரைக் கத்தி. அவர் ரூம் சுவர்ல தொங்குமே, அது. பதினேழாவது தலைமுறை. பதிவு அட்டையோடதான் எடுத்தேன், சட்டத்துல ஒரு குறையும் இல்ல." குரெபாயாஷி தொண்டையைச் செருமினார். "அவரைக் கேக்கலை. அவ்வளவுதான்."

நடைவழியின் கோடியில் ஒரு கதவு படாரென்று திறந்தது.

"குரெபாயாஷி! என் கத்தி எங்கேடா?"

குரெபாயாஷி இசோபேயின் பக்கம் சாய்ந்து, வாயை ஒரு கையால் மறைத்தபடி முணுமுணுத்தார்.

"உங்க வேலை தப்பிச்சாச்சு மேடம். கைக்குட்டை இருந்தா சீக்கிரம் குடுங்க... என் வேலை அந்தக் கத்தி மேல வழிஞ்சுக்கிட்டிருக்கு!"